நாலு துளி பெற்றோல்

பெற்றோலுக்குத் தடை வந்தபிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்றாலும், ஸ்ராட் பண்ண நாலு துளி பெற்றோல் வேணும். பிரசவத்துக்கு ஆசுபத்திரி போகவென்று பத்மாவதி கண்மருந்துப் போத்திலில் ஒளித்துவைத்த கடைசி நாலு துளியையும் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மோட்டார் சைக்கிள் போட்டிக்குப் போய்விட்டான் புருஷன் பஞ்சலிங்கம்.

நிறைமாத வயிற்றோடு அவள் உடுப்பிட்டி மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது, நாலு பேர் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தார்கள். பஞ்சலிங்கம் மட்டும் பாதிவழியில் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தான்.

"என்ஜின் பழுதோ அண்ணை?" பக்கத்தில் நின்றவரைக் கேட்டாள்.

"பொறும் தங்கச்சி. இடையிலை நிக்காமல் வந்தால் போதும்."

நின்றால் திரும்ப ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இல்லை. இண்டைக்கே வலி வந்தால்? வயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடினாள்.

கைதட்டல் கேட்டது. "முதலாம் இடம், பஞ்சலிங்கம்" என்றார் நடுவர்.

"கடைசியா வந்தவருக்கோ?"

"மெதுவா ஓடுற போட்டியெல்லோ தங்கச்சி. கடைசியா வாறவருக்குத்தான் பரிசு."

பஞ்சலிங்கம் வந்து பரிசை அவள் கையில் வைத்தான். ஒரு போத்தில் நிறையப் பெற்றோல்.

"உதுக்குத்தான் போனனான். கோவம் போச்சோ?"

அவள் போத்திலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இதை முடிக்க இன்னும் நூறு பிள்ளையெல்லோ பெறவேணும்."