ஒரு 'மா' சேர்த்தால்

"ஒரே ஒரு 'மா'தான். அதை ஒட்டிட்டா படம் பொழைச்சுக்கும்" என்றார் இயக்குநர்.

டப்பிங் அறையில் ஒலிப்பதிவாளர் கடைசிக் காட்சியைத் திரையில் ஓடவிட்டார்.

ஐம்பதைத் தொடும் பெண்ணுக்கும், அவளைவிட இருபது வயது இளைய வேற்றுமொழிக்காரனுக்கும் காதல். இதுதான் கதை. சமூகத்தின் கன்னத்தில் ஓங்கி அறையப் போவதாக இயக்குநர் பேட்டி கொடுக்காத இடம் பாக்கியில்லை. விநியோகஸ்தர்கள் பாதிப் படத்தில் எழுந்து போனார்கள். பையனை அவளுக்குப் பிள்ளையாகவே வைத்தால் வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஓங்கிய கை அன்றைக்கே அந்தக் கன்னத்தைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

கடைசிக் காட்சியில் நாயகன், 'எனக்கு நீ போதும்' என்பான். 'ம்' என்று உதடு மூடும் இடத்தில் ஒரு 'மா'. நாயகி, 'வா' என்பாள். அதற்கு ஒரு 'ப்பா'. ஆளை வளர்ப்பு மகனாக்கியாயிற்று. மிச்சத்தைக் கத்தரி பார்த்துக்கொள்ளும்.

விஷயம் தெரிந்ததும் நாயகனாக நடித்தவன் போனை எடுக்கவில்லை. அவனுடைய கொச்சைத் தமிழ் வேறு யாருக்கும் வாயில் வரவில்லை.

நாயகிக்குக் குரல் கொடுக்கும் அம்மாளிடம் திரும்பினார் இயக்குநர். "ஏம்மா, தினம் உங்களைக் கூட்டிட்டுப் போக வருமே அந்தத் தம்பி, அதுவும் இப்படித்தானே பேசுது? வெளியில இருந்தா வரச் சொல்லுங்களேன்."

அவள் சிரித்துக்கொண்டே போய் அழைத்து வந்தாள்.

"நடிக்காதே தம்பி. வீட்டுல இவங்ககிட்ட எப்படிப் பேசுவியோ, அப்படியே பேசு."

அவன் மைக்கைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"எனக்கு நீ போதும்மா."

"வாப்பா" என்றாள்.

ஒரே டேக். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாய்ப்பாசத்தை இதைவிடச் சுத்தமாக யாராலும் காட்ட முடியாது என்று ஒலிப்பதிவாளருக்கு வகுப்பெடுத்தார். காட்சியை உடனே விநியோகஸ்தர்களுக்கு அனுப்பச் சொன்னார். குடும்பத்தோடு பார்க்கலாம், வாங்கிக்கொள்கிறோம் என்று பதிலும் வந்துவிட்டது.

"டைட்டில்ல பேர் போட்டே ஆகணும். உங்க மகன் பேர் என்னம்மா?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மகன்னு போட்டுடாதீங்க சார். போன வருஷம் நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டோம். வீட்டுலயும் என்னை அவர் 'மா' போட்டுத்தான் கூப்பிடுவார்."