வருகைப் பதிவு

“மூணு மீட்டிங் வர்லன்னா பதவி காலி. சட்டம் அப்டித்தாம்மா சொல்லுது. நான் இன்னா பண்றது?” என்றார் துரைக்கண்ணு.

ஊராட்சி மன்றக் கூட்டத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஊரே அவரை ‘மெம்பர்’ என்றுதான் கூப்பிடும்.

எதிரே கலாவதி, நாற்பது நாள் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுத்தறி நெய்கிறவள், ஐந்தாவது வார்டு உறுப்பினர். கால்வாய் கான்ட்ராக்டைத் துரைக்கண்ணுவின் மச்சானுக்குக் கொடுக்கக் கூடாது என்று எதிர்த்தவள் அவள் ஒருத்திதான்.

“பிரசவத்துக்குப் போறேன்னு லெட்டர் குடுத்துட்டுத்தானே போனேன்? மீட்டிங்குக்கு எங்க வீட்டுக்காரரைக்கூட அனுப்பி வச்சேனே அண்ணா!”

“அவரு வந்து குந்திக்கினா நீ வந்த மாதிரி ஆயிடுமா?”

“ஆவாதா?” என்று கேட்டார் தலைவர் கிருஷ்ணவேணி.

“எப்டிம்மா ஆவும்? ஓட்டு வாங்கினது இந்தப் பொண்ணுதானே?”

“அப்போ கவர்மென்ட் வக்கீலையே கேட்டுருவோம். சொல்லுங்க, எழுதிக்கட்டும்.”

துரைக்கண்ணு சொல்லச் சொல்ல, ஊராட்சிச் செயலர் சிவபாலன் எழுதி அனுப்பினார்.

பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒரு மாதமும் கலாவதி சரியாகத் தூங்கவில்லை. குழந்தை தூங்க விடவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பே காஞ்சிபுரத்திலிருந்து அரசு வக்கீலின் பதில் வந்துவிட்டது. கூட்டத்தில் சிவபாலன் அதை எடுத்தார்.

“சத்தமாப் படிப்பா,” என்றார் துரைக்கண்ணு.

சிவபாலன் படித்தார்: “உறுப்பினர் நேரில் வந்தால் மட்டுமே வருகை. கணவர் வந்ததை வருகையாகக் கொள்ள இயலாது.”

“நான் சொன்னன்ல?” துரைக்கண்ணு எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

சிவபாலன் தொடர்ந்து படித்தார்: “ஆயினும், கலாவதி விடுப்புக் கடிதம் முன்கூட்டியே கொடுத்திருப்பதால் அவரது பதவி நீடிக்கும். கடிதமின்றித் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் எவராயினும் பதவி இழப்பார்.”

கலாவதி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணவேணி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “சிவபாலா, மூணாவது வார்டு காலின்னு எழுதிக்கோ.”

துரைக்கண்ணு எழுந்துவிட்டார். “இன்னாம்மா இது? ஒரு மீட்டிங் வுட்டிருப்பனா நானு?”

“நீங்க வுடலண்ணா. ஆனா மூணாவது வார்டுல ஜெயிச்சது உங்க வீட்டம்மா பிரவீனா. பதவி ஏத்துக்கின அன்னிக்கிப் பாத்ததோட சரி, அதுக்கப்புறம் லெட்டரும் குடுக்கல, அவங்க இந்தப் பக்கமே வரலியே.”