இரை கோக்காத கொக்கி

கொக்கி மீனின் வாயில் இல்லை, வயிற்றில் ஏறியிருந்தது. பத்தடி தள்ளிப் படகில் இருந்த வெண்டல் அதைப் பார்த்துவிட்டார்.

நல்ல வால்ஐ மீன். முழங்கை நீளம் இருக்கும். அதன் கண் பளிங்குக் குண்டு போல மின்னியது. டாம்ராக் ஏரி உறைவதற்குள் அப்படி ஒன்றாவது அகப்படாதா என்று காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தார் அவர். நேற்று மாலைதான் நகரத்திலிருந்து வந்து கரையோரக் குடிலைத் திறந்திருந்தார். தூண்டிலில் அட்டைப்பூச்சி கோத்துப் பார்த்தார், சிறுமீன் கோத்துப் பார்த்தார், ஒன்றும் தொடவில்லை.

"ஏம்மா, இப்படி மீனைக் குத்தி இழுக்கிறது தப்புன்னு தெரியாதா உனக்கு? அதுவா வந்து வாயால கடிக்கணும்."

மீனை இழுத்த பெண் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவள். நனையாத உடுப்பு மாட்டிக்கொண்டு, மிதக்கும் ரப்பர் டியூபின் நடுவே இடுப்பு வரை தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுப் பக்கம் சின்ன பேட்டரி மோட்டார் முனகியது. மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டாள். கொக்கியை மறுபடி ஆழத்துக்கு இறக்கினாள்.

மூன்று முனைக் கொக்கி. கூடவே கனமான ஈயக்குண்டு. இரை என்று எதுவும் இல்லை.

"நான் பார்த்துட்டேன்னுதானே விட்டே? இல்லாட்டி இந்நேரம் உன் வீட்டுச் சட்டியில கிடந்திருக்கும்."

"எனக்கு மீன் வேண்டாம்யா."

"ஆமா, உறையுற குளிர்ல காத்து வாங்கத்தான் வந்தியாக்கும்!"

அவள் மோட்டாரைத் திருகி நகர்ந்தாள். கரையில் நின்ற வெள்ளை பிர்ச் மரத்துக்கு நேராகப் போனாள். அங்கிருந்து சற்றே விலகித் திரும்பி வந்தாள். ஏர் ஓட்டுவதைப் போல, போன தடத்தை ஒட்டியே அடுத்த தடம். வெண்டலுக்கு எரிச்சலாக வந்தது. மீன் கிடக்கும் இடம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் மனசில்லை. அவரும் படகைப் பின்னாலேயே விட்டார்.

"படகு இறக்குற இடத்துல பூரா டிரெய்லர் தடமா இருக்கு. போன வாரம் பெரிய கூட்டம் வந்து ஏரியைத் துடைச்சுட்டுப் போயிருக்கு போல."

"வந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலை."

"அத்தனை பேருக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் கிடைச்சிடுமா?"

"அவங்க போதும்னு போயிட்டாங்க. நான் போகலை."

என்ன பேராசை என்று நினைத்துக்கொண்டார் வெண்டல்.

மதியத்துக்கு மேல் வடகாற்று எழுந்தது. மோட்டாரின் முனகல் இளைத்து, நின்றே போனது. அலை அவளை நடு ஏரிப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. கால்களை உதைத்துப் பார்த்தாள். டியூப் இம்மி நகரவில்லை. என்ன கோபம் இருந்தாலும் மனுஷி மனுஷிதானே. வெண்டல் படகை நெருக்கிக் கயிற்றை வீசினார்.

"பிடிம்மா. கரையில விட்டுடறேன்."

"கரைக்கு வேண்டாம்யா. அந்த பிர்ச் மரத்துக்கு நேரா இழுத்துக் கொடுங்க. மெதுவா."

"உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. இன்னும் ஆசை விடலையா உனக்கு?"

"ஒரே தடவை. ராத்திரி பனி இறங்கினா ஏரி உறைஞ்சிடும்னு சொல்றாங்க. அப்புறம் வசந்தம் வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தக் குரலை மறுக்க அவரால் முடியவில்லை. பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை, இரண்டு கையும் தூண்டிலிலேயே இருந்தன. படகை ஆமை வேகத்தில் விட்டார்.

பாதி தூரம்கூடப் போகவில்லை. தூண்டில் வில்லாக வளைந்தது.

"நிறுத்துங்க!"

அவள் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வெண்டலுக்கோ கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. வலைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு படகின் ஓரத்துக்குத் தாவினார்.

"அடி சக்கை! பெருசும்மா, ரொம்பப் பெருசு! தளர விடாதே! வெட்டி இழு!"

அவள் வெட்டி இழுக்கவில்லை. சக்கரத்தைச் சுற்றுவதும் நிறுத்துவதுமாக, நோகாமல் தூக்கினாள். "வந்துடு... மெல்ல... மெல்ல..." என்று உதடு முணுமுணுத்தது.

"மீனுக்கு என்னம்மா தாலாட்டு!" என்று வெண்டல் சிரித்தார்.

கலங்கிய தண்ணீருக்கடியில் கருப்பாக, நீளமாக ஒன்று எழுந்து வந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். வெண்டல் வலையைக் கொடுத்துப் புரட்டினார்.

ஊறிப்போன மரக்கட்டை. ஆளுயரம் இருக்கும், பாசி தொங்கியது.

"கண்ணைத் திற தாயி! வெறும் கட்டை. இதுக்கா இந்தப் பாடு?"

அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். சேறு வழியும் கட்டையின் மேல் நெற்றியை வைத்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். கரையில் காக்கைகள் கலைந்து பறந்தன. வெண்டல் வலைக்கரண்டியைக் கீழே போட்டார்.

"அட, என்னம்மா இது சின்னப் பிள்ளையாட்டம்? ஒரு மரக்கட்டைக்குப் போய் யாராவது இப்படி அழுவாங்களா?"

அவள் தலையைத் தூக்கினாள்.

"என் மகன்னு நெனச்சேன்யா."