கொக்கி

“கழண்டுடப் போகுது. இறங்கி இன்னொரு தடவை பாரு” என்றான் மாலுமி, காரை ஓரங்கட்டி.

அவன் மனைவி இறங்கிப் போனாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை. காரின் பின்னால் நீட்டிய இரும்புக் குமிழ்மேல் டிரெய்லரின் கொக்கி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, சங்கிலி இரண்டும் குறுக்காக மாட்டியிருந்தன. டிரெய்லர்மேல் படகு தார்ப்பாய்க்குள் கைக்குழந்தை மாதிரி கிடந்தது.

மாலுமி என்பது ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். படகு வாங்கி எட்டு மாதத்தில் அது தண்ணீரைப் பார்த்தது இரண்டே தடவை. அதில் ஒன்று மழை. இன்று சாயங்காலம் மேனேஜர் குடும்பத்தை ஏரியில் சவாரி கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

அவளுக்கும் இன்று ஒரு வேலை இருந்தது. அதே நெடுஞ்சாலை போய் முடிகிற ஊரில் விரிவுரையாளர் வேலை. நாலு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முதலில் உன்னை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லியே அவளைக் கூட்டி வந்திருந்தான்.

ஆனால் பின்னால் படகு இருந்தால் அறுபதுக்கு மேல் போகக் கூடாதாம். அடிக்கடி நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டுமாம். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தபோது அந்தக் கை டிவி ரிமோட்டை விட்டு நகரவில்லை.

டிரெய்லரோடு வந்த அட்டை அவள் மடியில் இருந்தது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவள் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அவன் தலையாட்டுவான். முன்பக்கத்தில் மாட்டும் முறை, பின்பக்கத்தில் கழற்றும் முறை. மதியத்துக்குமேல் பின்பக்கத்தையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பரீட்சைக்கா படிக்கிறே என்று கேட்டுச் சிரித்தான். நேரமாகிறது, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா என்றாள்.

“வெறும் காருன்னா நீ ஓட்டிடுவ. பின்னால வால் இருந்தா உன்னால ஆகாதும்மா.”

இரண்டரை மணிக்கு, ஏரிப் பாதை பிரிகிற இடத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். அவளுடைய காலேஜ் நேரே எண்பது கிலோமீட்டர். போனைப் பார்த்தவன், மேனேஜர் அதற்குள் ஏரிக்கு வந்துவிட்டார், இனி அங்கேதான் போக வேண்டும் என்றான்.

“நாளைக்கு வரேன்னு காலேஜுக்கு ஒரு போன் போட்டுடு. வேலை எங்க ஓடியா போகப் போகுது?”

கொக்கியைப் பார்த்துவிட்டுக் காரைப் பூட்டிக்கொண்டு வா என்று சாவியை அவள் கையில் திணித்துவிட்டு, பக்கத்துக் காப்பிக் கடைக்குள் போனான்.

உள்ளே ஒரு லாரிக்காரர், இருபது வருஷமாகப் பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டுகிறவர், காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவர் எதிரில் உட்கார்ந்த மாலுமி, பாரத்தைப் பத்திரமாக இழுத்துப் போவது எப்படி என்று அவருக்கே வகுப்பெடுக்க ஆரம்பித்தான்.

சார், அங்கே உங்க வீட்டம்மா என்று லாரிக்காரர் இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் மாலுமி கையமர்த்தினான்.

“அவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். தப்பே பண்ண மாட்டா.”

அது சரி என்று லாரிக்காரர், ஜன்னல் நன்றாகத் தெரிகிற மாதிரி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

சக்கரச் சூட்டில் தொடங்கிய வகுப்பு பிரேக் விளக்குவரை வந்திருந்தபோது போன் அடித்தது. மனைவி.

மாலுமி பதறி எழுந்தான். “என்ன, கழண்டுடுச்சா?”

“படகு பத்திரமா நிக்குதுங்க, சக்கரத்துக்குக் கட்டைகூட வெச்சிருக்கேன். நான்தான் கழண்டுக்கிட்டேன்.”