கெட்டி ஆயுசு

மனைவி ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறியதும் ஹெட் கிளார்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். உப்பைக் கரைத்து ஒளித்து வைத்திருந்த டம்ளரை எடுத்தார். இந்தத் தடவை அது பிழைத்து எழுந்திருக்கவே கூடாது.

"போய்ச் சேரு, சனியனே" என்று பல்லைக் கடித்தபடி டம்ளரைக் கவிழ்த்தார். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டார். உள்ளே 'படக்' என்று ஒரு சத்தம். பதினெட்டு வருஷமாகக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அந்தத் தொந்தி டிவி அடங்கிப்போனது.

அதைக் கொல்ல வேண்டிய நிலைமை வந்ததற்குக் காரணம் அவர் போட்ட சட்டமேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாஷிங் மெஷினில் டிரையர் நின்றுபோனது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தார். மனைவி பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு, இது என்ன, அது எதுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மோட்டார் போச்சு, அடியெல்லாம் துரு. இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸே வர்றதில்ல சார். புதுசு வாங்கிடுங்க" என்றார் மெக்கானிக்.

"ஏங்க, எனக்கு மணிக்கட்டு வீங்கிப்போகுதுங்க" என்றாள் மனைவி.

"துவைக்குது இல்ல? பிழியறதுக்குக் கை இருக்கு இல்ல?" என்றார் ஹெட் கிளார்க். "முழுசா சாகாம இந்த வீட்ல எதுக்கும் புதுசு கிடையாது."

அன்றிலிருந்து போர்வை, பேண்ட், திரைச்சீலை எல்லாவற்றையும் அவள் கையால்தான் பிழிகிறாள். வலி தாங்காத நாட்களில் மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றிக்கொள்வாள். மெஷின் பேச்சை மட்டும் மறுபடி எடுக்கவே இல்லை. பெண்டாட்டி கேட்பதை நிறுத்திவிட்டால் புருஷன் கொஞ்சம் பயப்பட வேண்டும். நம்ம ஆளுக்கு அந்த விவரம் போதாது.

இப்போது அவருடைய சகலை சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கிவிட்டார். போன மாதம் வந்தவர், "என்ன சகல, இன்னும் இந்தப் பொட்டியோடதான் குடித்தனமா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு ஹெட் கிளார்க்கைத் தூங்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சகலை மறுபடி வருகிறார். அதற்குள் அதைவிடப் பெரிய டிவி இந்தச் சுவரில் ஏறியாக வேண்டும்.

ஆனால் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுசு வாங்கினால் வாஷிங் மெஷின் கதை வெளியே வரும். அதனால் டிவி தானாகச் செத்ததாக இருக்க வேண்டும். முதல் தடவை உள்ளே ஒரு ஒயரை அறுத்தார். அடுத்த தடவை ஃபியூஸைப் பிடுங்கினார். இரண்டு தடவையும், "நீங்க ஆபீஸ் போங்க, மெக்கானிக் விஷயத்தை நான் பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி. சாயங்காலம் வந்து பார்த்தால் டிவி கணீரென்று பேசிக்கொண்டிருந்தது.

இந்த முறை முன்னேற்பாடு பக்கா. நேற்றே மெக்கானிக் கடைக்குப் போய் அவர் காதைக் கடித்திருந்தார்.

"நாளைக்கு எங்க வீட்லேருந்து கூப்பிடுவாங்க. டிவி தேறாதுன்னு சொல்லிடு. புதுசு உன் மூலமாவே வாங்கிக்கறேன்."

"கூப்பிட்டா சொல்லிடறேன் சார்" என்றார் மெக்கானிக்.

மாடியிலிருந்து இறங்கிய மனைவியிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துக்கச் செய்தியைச் சொன்னார். அவள் டிவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுப் பையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்ன, அடுப்புல சுட்டுக்கிட்டியா?"

"சுட்டுக்கிச்சு. ஆபீசுக்கு நேரமாச்சு பாருங்க."

சாயங்காலம் வழியில் கடைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே பெரிய டிவியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். சகலையின் வாய் அடைத்துப்போவதை நினைத்துச் சீட்டியடித்துக்கொண்டே படியேறினார். பாதிப் படியில் சீட்டி நின்றுவிட்டது.

உள்ளே செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

டிவிக்கு எதிரே மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க. ஞாயித்துக்கிழமை அத்தான் வந்தா நல்லாப் பார்க்கலாம். படம் பளிச்சுனு வருது" என்றாள். பிறகு ஒரு சட்டையை உதறிக்கொண்டே, "அந்த டம்ளர் உப்புக் கரிச்சுது. கழுவி வெச்சுட்டேன்" என்றாள்.

ஹெட் கிளார்க் பால்கனிக்குப் போய் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, அவ்வளவு தூரம் சொல்லியும் ரிப்பேர் பண்ணிட்டியே?"

"நானா? என்னை யாருமே கூப்பிடலையே சார். வாஷிங் மெஷின் பார்க்க வந்ததோட சரி, அப்புறம் நான் உங்க வீட்டுப் படியே மிதிக்கலை."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"அப்போ இத்தனை தடவையும் இதை ரிப்பேர் பண்ணினது யாரு?"

மனைவி சட்டையைக் கீழே வைத்தாள். பிளாஸ்திரி போட்ட விரலால் ரிமோட்டை அமுக்கி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கை இருக்கு இல்ல?"