உள்ளே இல்லாத ஆள்

விடுதலைத் தீர்ப்பு வந்து ஒன்பது நாளாகியும் கணவர் மிக்கேல் வீடு திரும்பாததால், ஜெபக்கனி சிறை வாசலுக்கே போய்க் கேட்டாள். அலுவலர் கணினித் திரையைப் பார்த்தார்.

"அவரு அன்னைக்கே ரிலீஸ் ஆயிட்டாரும்மா."

வாசல் கம்பிக்கு அப்பால், முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த மிக்கேல் அவளைக் கண்டதும் தள்ளாடி வந்தார். "பதிவுல நான் இல்லையாம், கனி. ஒம்பது நாளா சோறும் இல்ல, சுகர் மாத்திரையும் இல்ல. கூட இருக்கவங்க குடுக்கதத்தான் திங்கேன்."

"அப்போ இந்தா நிக்கது யாரு?" என்றாள் ஜெபக்கனி.

அலுவலர் ஏதேதோ தட்டிப் பார்த்தார். "உள்ள இல்லாத ஆளை வெளிய அனுப்ப சிஸ்டத்துல வழியில்ல. ஜெயிலுக்குள்ள அத்துமீறி நுழைஞ்சதா ஒரு கேஸ் போட்டாத்தான் பேரு ஏறும். ஆறு மாசத்துல ஜாமீன் கெடைச்சுரும். இவருதான்னு நீங்க ஒரு கைரேகை வைங்க."

ஜெபக்கனி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "செய்யாத குத்தத்துக்கு நாலு வருசம் வச்சிருந்தீங்க. இப்போ விடுதலையானதும் குத்தமா?"

அந்த நேரம் அரிசி வண்டிக்காக வாசல் தானாகத் திறந்தது. வண்டி நுழைந்ததும் ஜெபக்கனி போய்த் திறந்த கதவின் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். மூட வந்த கதவு அவள் தோளில் முட்டி முட்டித் திரும்பியது.

"வெளிய வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

மிக்கேல் கம்பியைப் பிடித்தபடி அடியெடுத்து வைத்தார். காவலர் ஒருவர் ஓடி வந்து கையை நீட்டி மறித்தார்.

"யாரைய்யா தடுக்கீரு?" என்றாள் ஜெபக்கனி. "உள்ளதான் யாருமே இல்லையே."

காவலரின் கை மெல்ல இறங்கியது.