அழுகையே கேட்காத காப்பகம்

வாருங்கள், பெற்றோரே! செல்லூரின் இந்தக் குழந்தைகள் காப்பகத்தில் நடக்கும் அநீதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். காலை மணி பதினொன்று. பள்ளியில் அரைநாள் விடுப்பெடுத்த ஆசிரியை ஆன்சி, முன்னறிவிப்பின்றி வந்து நிற்கிறாள். அடுத்த கட்டடத்தில் விசைத்தறிகள் தடதடக்கின்றன; சுவரே அதிர்கிறது. முகத்தில் வெயில் விழுந்தும், ஒன்பது தொட்டில்களில் ஒன்பது குழந்தைகளும் அசையாமல் உறங்குகின்றன. இங்கே அழுகைச் சத்தமே கேட்காது என்று தெருவே புகழ்ந்ததை நம்பித்தான் எட்டு மாத மகன் ஜினோவை அவள் இங்கே விட்டாள். "என்ன டீச்சர், இந்நேரத்துல வாரீக? புள்ளைய எழுப்பிறாதீக" என்கிறாள் காப்பகத்துக்காரி. "அம்புட்டுப் புள்ளைகளுமா தூங்குது?" என்று ஆன்சி கேட்கிறாள். "நம்ம கைராசி அப்படி! உங்க கிளாஸ்லகூட இம்புட்டு அமைதி இருக்காது" என்று அவள் சிரிக்கிறாள். அலமாரியில், குடித்தால் தூக்கம் அசத்தும் இருமல் மருந்துப் பாட்டில் பாதி காலியாக இருக்கிறது. பிசுபிசுத்த கரண்டியை எறும்புகள் மொய்க்கின்றன. ஒரு குழந்தைகூட இருமவில்லை. ஆன்சி மகனை அள்ளுகிறாள். தலை துவண்டு அவள் தோளில் சரிகிறது. "ஜினோ, அம்மாடா! கண்ணத் தொறடா!" கன்னத்தைத் தட்டுகிறாள், மூச்சு இருக்கிறது, இமை திறக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறாள். மீதி எட்டுக் குழந்தைகளின் பெற்றோர் இந்நேரம் நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள். அந்த நிம்மதியை உதறுங்கள்! இன்றே, இப்போதே, உங்கள் பிள்ளை இருக்கும் காப்பகத்துக்குள் நுழையுங்கள். பிள்ளையைத் தட்டி எழுப்பிப் பாருங்கள்!